சால்மனும் அணைமீனும்

(ஓசூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன் சமைப்பதைப் பற்றிப் பேசக் கடலோர ஊர்க்காரர் ஒருவரை அழைத்திருக்கலாம். சென்னைக் கடற்கரை இங்கிருந்து 300 கிலோமீட்டர். மங்களூர் அதைவிடத் தூரம். கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 900 மீட்டர் மேலே உட்கார்ந்துகொண்டு மீனைப் பற்றிப் பேசப்போகிறோம். ஆனாலும் இந்தப் பேச்சு இப்படிப்பட்ட ஊருக்குத்தான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன். கடலோரத்துப் பிள்ளை, அம்மா மீன் பேரம் பேசுவதையும் ஆய்வதையும் சட்டியில் போடுவதையும் பார்த்தே பாதி கற்றுக்கொண்டுவிடும். ஓசூரில் நம்மில் பலர் வேலைக்காக வந்து தங்கியவர்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வளர்ந்த ஊர் இது. கடைக்காரர் வெட்டிக் கொடுத்ததைப் பையில் வாங்கி வந்து, கைபேசியில் ஒரு காணொளியைத் திறந்து வைத்துக்கொண்டு சமைக்கிறோம். ஷிப்ட் முடிந்து வரும் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சமைக்க இருப்பது அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்துக்கு ஏற்ற உணவு மீனைப் போல வேறொன்று இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மீன் என்று வைத்திருக்கிறோம்.

சால்மன் இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. பெங்களூரின் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, தோலோடு வெட்டிய செம்மஞ்சள் துண்டுகளாக, காற்றுப் புகாத உறையில் வருகிறது. மருத்துவர் ஒமேகா-3 என்று சொல்லியிருப்பார். கம்பெனி பயிற்சிக்கு வெளிநாடு போனவர் அங்கே சாப்பிட்டுப் பழகியிருப்பார். பிள்ளைகள் எங்கேயோ பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார்கள். வாங்கிவிடுகிறோம். ஒரு கிலோ சால்மனின் விலைக்கு அணைமீன் எட்டுப் பத்துக் கிலோ வாங்கலாம். அவ்வளவு கொடுத்து வாங்கியதை என்ன செய்கிறோம்? மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் கெட்டியாகக் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பக்கமும் கருகக் கருகப் பொரிக்கிறோம். வாயில் போட்டால் மரத்தூள் மாதிரி உதிர்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தில் மீனுக்குப் பங்கே இல்லை. அது அடுப்பில் இருந்த நேரம் அதிகம், அவ்வளவுதான்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். மீனுக்குக் கொஞ்ச நேரம் போதும், கொஞ்சம் மசாலா போதும். விலை அதிகம் என்ற பயத்தினாலாவது சால்மனிடம் இந்தப் பொறுமையைப் பழகிக்கொண்டால், அதே பொறுமையைக் கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையின் ரோகுவுக்கும் பாரூர் ஏரியின் ஜிலேபி மீனுக்கும் கொடுக்கலாம். தினம் தினம் நம் தட்டுக்கு வர வேண்டியவை அவைதான்.

ஏன் கொஞ்ச நேரம் போதும் என்பதற்குக் காரணம் மீனின் உடம்பிலேயே இருக்கிறது. ஆடு நாலு காலில் நின்று தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அதனால் அதன் தசையைக் கட்டி வைத்திருக்கும் நார் கெட்டியானது. அந்த நார் கரைந்து வழுவழுப்பாக மாறத்தான் ஆட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவிடுகிறோம், குக்கரில் விசில் விசிலாக விடுகிறோம். மீனைத் தண்ணீரே தாங்குகிறது. அதன் தசை குட்டையான அடுக்குகளாக இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு மட்டும். அந்தச் சவ்வு கொஞ்சம் சூட்டிலேயே கரைந்துவிடும். வெந்த மீன் விரல் பட்டதும் இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். மீனின் புரதமும் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போதே இறுக ஆரம்பிக்கும். 60 டிகிரியைத் தாண்டி மேலே போகப் போகப் பிழிந்ததுபோலத் தன்னிடமுள்ள நீரை வெளியே விட்டுவிடும். சால்மன் துண்டின் பக்கத்தில் வெள்ளையாகத் தயிர்த்துளி மாதிரி திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போனது என்று நினைத்துச் சிலர் துடைத்துப் போடுவார்கள். அது மீனின் புரதம்தான். அது நிறைய வந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள்.

நம்முடைய பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். மீன் குழம்பு வைக்கும் முறையைக் கவனித்துப் பாருங்கள். வெங்காயம் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, தூள் போட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரைக்கும் மீன் முறத்திலேயே இருக்கும். கடைசியில்தான் சட்டிக்குள் இறங்கும். போட்ட பிறகு கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார்கள். இரண்டு கொதி, அடுப்பு அணைந்துவிடும். மிச்சத்தை மண்சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். மசாலாவுக்குத் தனி நேரம், மீனுக்குத் தனி நேரம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்? வறுவலுக்குப் போகும்போதுதான் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

இனி சால்மனுக்கு வருவோம். நமக்கு இங்கே வருவது பெரும்பாலும் அட்லாண்டிக் சால்மன். நார்வே, சிலி போன்ற நாடுகளின் கடலில் வலைக்கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்ப ஆற்றுக்கே ஏறிவரும் இனம் இது. செம்மஞ்சள் நிறம் அஸ்டாசாந்தின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. காட்டு சால்மன் அதைச் சின்ன இறால் வகைகளைத் தின்று பெறுகிறது. வளர்ப்பு மீனுக்குத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். வளர்ப்பு சால்மனில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொழுப்பு உண்டு. ஒமேகா-3 இருப்பது அந்தக் கொழுப்பில். அதனால்தான் இந்த மீனை நிறைய எண்ணெயில் முக்கிப் பொரிப்பது வீண். தேவையான எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்பது வேறு மீன். அது நம் காலா மீன், மும்பைக்காரர்கள் ராவஸ் என்பது. சதை வெள்ளையாக இருக்கும், நல்ல ருசி, குழம்புக்கும் வறுவலுக்கும் அருமை. ஆனால் கொழுப்பும் அடுப்பு நேரக் கணக்கும் வேறு. சால்மனின் உண்மையான உறவு தமிழ்நாட்டில் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே அவலாஞ்சியில் 1907-ல் ஹென்றி சார்லஸ் வில்சன் அமைத்த டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. டிரவுட்டும் சால்மனும் ஒரே குடும்பம். குளிர்ந்த ஓடை இல்லாத நம் மாவட்டத்தில் அது வளராது.

உறைந்த மீனைக் கரைப்பதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. நாளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்றால் இன்றைக்கு ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, கீழ்த்தட்டில் வையுங்கள். காற்றுப் புகாத உறையில் வந்திருந்தால், அந்த உறையை வெட்டித் திறந்துவிட்டு ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரக்கூடிய ஆபத்தான கிருமி ஒன்று உண்டு. உறையைத் திறந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. வெந்நீரில் போட்டுக் கரைக்காதீர்கள். வெளிப்பக்கம் வெந்து, உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். கரைந்த துண்டை விரலால் தடவிப் பாருங்கள், நடுவில் ஊசி ஊசியாக முள் தட்டுப்படும். சின்ன இடுக்கியால் முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும். தோலில் செதில் மிச்சமிருந்தால் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

பிறகு உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, அதில் துண்டுகளைப் 10 நிமிடம் போட்டு எடுங்கள். உப்பு மேலோட்டமாக உள்ளே இறங்கும். நான் முன்னால் சொன்ன அந்த வெள்ளைத் திரட்சியும் குறையும். எடுத்ததும் சுத்தமான துணியால் ஈரம் போக நன்றாக ஒற்றி எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, இதுதான் முக்கியம். ஈரத்தோடு கல்லில் போட்டால் கல்லின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மீன் சிவக்காது, ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இருக்கும் இரும்பு தோசைக்கல் போதும். தோசைக்குப் பழகிய கல் என்றால் இன்னும் நல்லது. கல்லை நன்றாகச் சூடாக்கி, கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டி தேய்த்து, தோல் கீழே இருக்கும்படி துண்டை வையுங்கள். தோல் சுருங்கி வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் அரை நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பிறகு தீயைக் குறைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். ஓர் அங்குலத் தடிமனுள்ள துண்டுக்கு 5 அல்லது 6 நிமிடம். பக்கவாட்டில் பார்த்தால் செம்மஞ்சள் நிறம் கீழிருந்து மேலாக வெளிறிக்கொண்டே வரும். முக்கால் உயரம் வெளிறியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். எடுத்துத் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். உள்ளே இருக்கும் சூடே மிச்சத்தை முடித்துவிடும். மேலே இடித்த மிளகும் எலுமிச்சைச் சாறும் போதும். தோல் அப்பளம் போல மொறுமொறுப்பாக வந்திருக்கும், அதைத் தள்ளிவிடாதீர்கள். மிளகாய்த்தூள் இல்லாமல் இறங்காது என்கிற வீடுகளில், அரைத் தேக்கரண்டியைத் துளி எண்ணெயில் குழைத்துச் சதைப் பக்கத்தில் மட்டும் தடவுங்கள். தூள் சீக்கிரம் கருகும் என்பதால் அந்தப் பக்கம் கல்லில் படுவது ஒரே ஒரு நிமிடமாக இருக்கட்டும்.

அடுத்த முறையைத்தான் நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்தேன். அதை நமக்குக் கற்றுத் தரக்கூடியவர்கள் நம் தெருக்களிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். சிப்காட்டிலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்த பிறகு நம் மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய்ப் பாட்டில் அடுக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மீன் கடையில் பெரிய ரோகுவும் கட்லாவும் குவிந்திருப்பதற்கும் அவர்கள் ஒரு காரணம். இவர்களை நாம் ஒரே அறையில் ஆறு பேர் தங்குகிற கூட்டமாக மட்டும் பார்க்கிறோம். நன்னீர் மீனைச் சமைப்பதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் நமக்கு இல்லை.

வங்காளிகள் இலிஷ் மீனை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து அவிப்பார்கள். சால்மனையும் அப்படியே செய்யலாம். கடுகு 2 மேசைக்கரண்டியை அரைமணி நேரம் ஊறவைத்து, 2 பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். சூடேற அரைத்தால் கடுகு கசக்கும். விரும்பினால் ஒரு கைப்பிடி தேங்காய் சேர்க்கலாம், காரம் தணியும். அதில் மஞ்சள்தூளும் கடுகெண்ணெய் 2 மேசைக்கரண்டியும் கலந்து, நாலு துண்டு மீனில் தடவி, டிபன் பாக்ஸில் அடுக்கி, மேலே கீறிய மிளகாய் இரண்டு வைத்து இறுக்கி மூடுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்து, 10 முதல் 12 நிமிடம். பானை இல்லாவிட்டால் குக்கரில் வெயிட் போடாமல் வைக்கலாம். வெயிட் போட்டு விசில் விட்டால் எல்லாம் கெட்டது. நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பருப்புக்குத்தான் அது தொல்லை, மீனுக்கு அந்த ஆவி தாராளம். திறந்ததும் மஞ்சளான சாறு அடியில் நிற்கும். சூடான சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றிப் பிசைந்துவிட்டு மீனைத் தொடுங்கள். ராகிக் களியோடும் சேரும். களியைச் சாற்றில் தொட்டு விழுங்கிப் பழகியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இந்த முறை சால்மனுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், இலிஷும் சால்மனைப் போலவே வாழ்கிற மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பு உடம்பு முழுக்க இருக்கும். கொழுப்பின் திகட்டலைக் கடுகின் காட்டம் வெட்டிவிடும். இலிஷ் நமக்கும் அந்நியமில்லை. தமிழில் அதற்கு உள்ளம் என்று பெயர். ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறிவந்த மீன் அது. ஆற்றின் குறுக்கே தடுப்புகள் வந்தன; 1934-ல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கே மாறியது. உள்ளம் ஏறிவருவது வெகுவாகக் குறைந்துபோனது. அணை இல்லாமல் டெல்டாவில் விவசாயம் நிலைத்திருக்காது என்பதையும் அறிந்தே இதைச் சொல்கிறேன். ஆனால் நம் ஆற்றில் ஏறிய மீனை நம் பிள்ளைகள் பெயர்கூடக் கேட்காமல் வளர்கிறார்கள், நார்வே மீனின் பெயர் தெரிந்திருக்கிறது. எனக்கு இது வருத்தம்தான்.

காவிரி என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அஞ்செட்டிக் காடுகளுக்கு அப்பால் காவிரி ஓடுகிறது. அங்கே மஹசீர் உண்டு. வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்ட காலத்தில் அதைச் சால்மனோடு ஒப்பிட்டார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் வெளியிட்ட தூண்டில் நூலில் மஹசீருக்கே பெரிய இடம். காவிரியின் திமில் மஹசீர் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. யாராவது காட்டாற்று மீன் என்று சொல்லிக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள்.

சரி, அணைமீனுக்கு வருகிறேன்.

தென்பெண்ணையில் கட்டிய கிருஷ்ணகிரி அணையை 1957-ல் காமராஜர் திறந்து வைத்தார். அணையைப் பார்க்கப் போகிறவர்கள் பூங்காவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அங்கே மீன் வறுவல் சாப்பிடாமல் வருவதில்லை. அந்த வறுவல் ஏன் ருசிக்கிறது என்று நின்று கவனித்தேன். மீன் அன்றைக்குப் பிடித்தது. துண்டின் மேல் கத்தியால் நெருக்கமாகக் கீறல் போடுகிறார்கள். ரோகு, கட்லாவின் சதைக்குள் கவை போன்ற சின்ன முட்கள் கிடக்கும், நெருக்கமான கீறல் அவற்றைத் துண்டு துண்டாக்கிவிடும், சூடான எண்ணெயில் அவை மொறுமொறுத்து மென்றுவிடக்கூடியதாக ஆகும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருப்பதால் மீன் உள்ளே கிடக்கும் நேரம் குறைவு. வீட்டில் நாம் எண்ணெய் காயும் முன்னே போட்டு, தீயைக் குறைத்து, நிதானமாக வறுக்கிறோம். எண்ணெயும் குடிக்கிறது, மீனும் காய்கிறது.

நன்னீர் மீனில் சேற்று வாசனை வருகிறது என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். குளத்து நீரிலுள்ள பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குவது. முதல் மழையில் மண் மணப்பதும் இதனால்தான். புளிப்பு பட்டால் இது சிதைந்துவிடும். மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிவிட்டு, புளித்தண்ணீரிலோ மோரிலோ 10 நிமிடம் போட்டு அலசும் பழக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை, அதற்கு வேலை இருக்கிறது. கடல் மீனின் கவிச்சியையும் புளிப்பு அடக்கும். எலுமிச்சை வைத்துப் பரிமாறுவது அலங்காரத்துக்கு இல்லை.

ஆனால் புளித்தண்ணீரில் போகாத அழுக்கும் உண்டு. பெங்களூரின் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணை, நம் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை கட்டுவதை ஓசூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆற்றின் சுத்தத்துக்கு யார் பொறுப்பு என்று தட்டிக் கழிப்பது எளிதாகிவிடுகிறது. கெலவரப்பள்ளியின் அந்த நுரைத் தண்ணீரில் வளர்ந்த மீனை நான் வாங்க மாட்டேன். மீனவரைக் குறை சொல்லவும் மாட்டேன். கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணா, இது எந்தத் தண்ணி மீனு? குட்டை மீனா, அணை மீனா, எந்த அணை?" பத்துப் பேர் தினமும் கேட்டால் கடைக்காரர் தனக்கு மீன் கொடுப்பவரிடம் கேட்பார்.

வளர்ப்புக் குட்டை மீன் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. போச்சம்பள்ளி பக்கத்தில் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீருயிரி வளர்ப்பு மையம் இருக்கிறது. கிப்ட் திலேப்பியா குஞ்சுகளுக்குப் பேர்போன இடம். 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனமேம்பாட்டு வேலையில் பிறந்த ஜிலேபி மீன் வகை இது, வேகமாக வளரும். இதன் சதைக்குள் கவை முள் கிடையாது. நடுமுள்ளின் இரண்டு பக்கமும் கத்தியை ஓட்டினால் அதிக முள்ளில்லாத பத்தை கிடைத்துவிடும். சால்மனைப் போலவே விரலால் தடவிப் பார்த்து, மிஞ்சிய சில முள்ளை எடுத்துவிட்டால் போதும். முள்ளுக்குப் பயந்து குழந்தைக்கு மீனே கொடுக்காத வீடுகள் இங்கே நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது இந்த மீனைத்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இதில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். சால்மன் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் அதன் கொழுப்பு அதைக் காப்பாற்றும். ஜிலேபியைக் காப்பாற்ற எதுவும் இல்லை. மெல்லிய பத்தைக்குக் கல்லில் ஒரு பக்கம் 2 நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். எண்ணெய் சால்மனுக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு. கடுகு போட்டு அவிப்பதும் இதற்கு நன்றாக வரும். 7, 8 நிமிடத்தில் திறந்து பாருங்கள்.

மாங்காய்க் காலத்தில் இன்னொரு வழி இருக்கிறது. மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் நம் கிருஷ்ணகிரிப் பெங்களூரா மாங்காயைக் காயாக வாங்கி, தோலோடு கீற்றுக் கீற்றாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, மாங்காயைப் போட்டு, இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிடுங்கள். மாங்காய் குழையும் நிலைக்கு வந்ததும் மீன் துண்டுகள் இறங்கட்டும். மூடிவைத்துச் சின்னத் தீயில் 5 நிமிடம். முதல் பாலை ஊற்றி, கொதிக்கும் முன் இறக்குங்கள். சால்மனுக்கு இந்த மெல்லிய புளிப்பு போதும். கெட்டிப் புளிக் குழம்பில் சால்மன் துண்டைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பும் புளியும் காரமும் மூன்றும் போட்டி போட்டு, கடைசியில் எது எந்த மீன் என்றே தெரியாது. அந்தக் குழம்பு ரோகுவுக்கும் கெளுத்திக்கும் உரியது.

ஓவன் வைத்திருப்பவர்கள் 200 டிகிரியில் முன்னதாகச் சூடேற்றி, 10 முதல் 12 நிமிடம் வைத்தால் ஆயிற்று. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? துண்டின் தடிமனான இடத்தில் கத்தி முனையை விட்டு லேசாக விலக்குங்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்த சதை மங்கி, இதழாகப் பிரிந்தால் போதும். வெப்பமானி இருந்தால் அமெரிக்க உணவுத் துறை சொல்லும் அளவு 63 டிகிரி. வெளிநாட்டு உணவகங்களில் அதற்கும் கீழே, நடுவில் பாதி பச்சையாக எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது வேண்டாம், முழுக்க வேகட்டும். பச்சை சால்மனைச் சோற்று உருண்டையில் வைத்துச் சாப்பிடும் ஆசையும் வீட்டில் வேண்டாம். ஒட்டுண்ணிகள் சாக அதை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும். நம் வீட்டு ஃப்ரீசர் அடிக்கடி திறந்து மூடுவது, நடுவில் மின்சாரமும் போகும். அதை நம்ப முடியாது.

மிஞ்சிய மீனைத் திரும்பச் சுட வைக்காதீர்கள். உதிர்த்து, ஃப்ரிட்ஜில் மூடி வைத்து, மறுநாள் காலை வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு அதில் போட்டுப் புரட்டுங்கள். கொஞ்சம் தேங்காய்த் துருவல். காலை ஷிப்டுக்குப் போகிறவரின் டிபனுக்கு எலுமிச்சை சாதத்தோடு இது போதும்.

கடைசியாக விலையைப் பற்றி. ஒரு ஆளுக்கு 150 கிராம் போதும், ஒரு கிலோவில் ஆறு பேர் நிறைவாகச் சாப்பிடலாம். அதுவும் மாதம் ஒரு தடவை முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. முழு சால்மனை வெட்டி விற்கும் கடை பெங்களூரில் கண்ணில் பட்டால், தலையும் நடுமுள்ளும் வேண்டும் என்று கேளுங்கள். துண்டை வாங்குவோர் அவற்றைக் கேட்பதில்லை, அதனால் விலை மிகக் குறைவு. தலையை இரண்டாகப் பிளந்து, செவுளை எடுத்துவிட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, ஒரு தக்காளியோடு 20 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நல்ல ரசம் கிடைக்கும். கன்னத்துச் சதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுங்கள். முழு மீனிலும் மெத்தென்று இருக்கும் இடம் அது.